குறைந்தது பன்னிரண்டு

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் குடல் டாக்டர். அறை வாசலில் மாட்டியிருந்த பலகையில் அவளுடைய நிஜப் பெயரும், அதன் பின்னால் ரயில் பெட்டிகள் மாதிரி பட்டங்களும் இருந்தன. யாரும் அதைப் படித்ததில்லை. "குடல் டாக்டர் ரூம் எதுங்க?" என்று கேட்டால் காவலாளி தூக்கத்திலேயே கையை நீட்டுவார். இரைப்பைக் கட்டி, பெருங்குடல் கட்டி, மலக்குடல் கட்டி என்று வயிற்றுக்குள் வருகிற புற்றுநோய்க்கெல்லாம் எந்த மருந்தை எப்போது கொடுத்தால் ஆள் பிழைக்கும் என்று பார்ப்பதே இருபத்தாறு வருடமாக அவள் வேலை.

அவளும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூன்றாவது மாடி, இரண்டு அறை, ஒரு சின்ன பால்கனி. அக்கா குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுகிறவள். "உங்க தங்கச்சி எதுக்கு டாக்டர்?" என்று யாராவது கேட்டால் அக்கா கொஞ்சமும் கூசாமல் சொல்வாள்: "வாய்க்குள்ள போனது வெளிய வர்ற வரைக்கும் எங்க வீட்டுப் பொறுப்பு."

அவள் அந்தத் துறைக்கு வந்ததே ஒரு வீம்பில்தான். படிப்பு முடிந்து பிரிவு தேர்ந்தெடுக்கிற நாளில் கூடப் படித்தவர்கள் இதயம், மூளை என்று அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். குடல் பக்கம் ஈ, காக்கை இல்லை. அந்த வாரம்தான் ஒரு பஸ் கண்டக்டரை அவள் பார்த்திருந்தாள். ரத்தம் போவதை மூலம் என்று நினைத்துப் பதினான்கு மாதம் களிம்பு தடவிக்கொண்டிருந்துவிட்டு, எலும்பும் தோலுமாக வந்திருந்தார்.

"ஏன் முதல்லயே வரல?"

"எப்படிம்மா வாயைத் திறந்து சொல்றது? நீங்களோ பொம்பளப் புள்ள."

"நான் டாக்டர். ரத்தம் என்ன நிறம்? சிவப்பா, கருப்பா?"

கண்டக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். இரண்டு மாதத்தில் போய்விட்டார். கட்டியைவிட வெட்கம்தான் அவரை முதலில் பிடித்தது என்று அவளுக்குப் பட்டது. அன்றிலிருந்து அவள் வேண்டுமென்றே உரக்கக் கேட்க ஆரம்பித்தாள். காத்திருக்கிற இடம் வரைக்கும் கேட்கும்: "மலம் எப்படிப் போகுது? இளகியா, இறுக்கமா? நாத்தம் அடிக்குதா?" வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் நெளிவார்கள். உள்ளே வந்ததும் அவர்களே மளமளவென்று சொல்லிவிடுவார்கள். அக்காதான் தலையில் அடித்துக்கொள்வாள். "ஆஸ்பத்திரியில என்ன வேணா பேசு. தட்டு முன்னாடி உட்கார்ந்துட்டுப் பேசாதடி."

முதல் பத்து வருடம் இரைப்பைக் கட்டிகளில் போனது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஒரு மருந்தைக் கொடுத்தால் கட்டி சுருங்குமா என்று பார்த்தாள். சுருங்கவில்லை. "பலன் இல்லை" என்று எழுதி அனுப்பினாள். தோற்ற கதையை ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். "இன்னொருத்தன் இதே குழியில விழாம இருக்கத்தான்" என்றாள். அந்தக் கட்டுரையை அதிகம் பேர் படித்த மாதிரித் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பெருங்குடல். இதில்தான் அவளுக்குப் பேர் வந்தது.

ஒருவருக்குக் குடலில் கட்டி என்றால், கட்டி இருக்கிற துண்டை வெட்டி எடுப்பார்கள். அதோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் மஞ்சள் கொழுப்பும் வரும். அந்தக் கொழுப்புக்குள் நிணநீர் முடிச்சுகள் இருக்கும். சில மிளகளவு, சில கடுகளவு. நோய் குடலை விட்டுக் கிளம்பினால் முதலில் அங்கேதான் போய் உட்காரும். முடிச்சில் நோய் இருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு பலமான மருந்து. இல்லையென்றால் 'சுத்தம்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான். அந்தச் சுத்தமானவர்களுக்கும் ஆறு மாதம் புற்றுநோய் மாத்திரை கொடுத்தால் இன்னும் அதிகம் பேர் பிழைப்பார்களா? நானூற்றுப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தாள். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் கண்காணிப்பு. ஐந்து வருடம் பின்தொடர்ந்தாள்.

ஆரம்பத்தில் ஒரு தொல்லை இருந்தது. குடலை வெட்டிப் பார்க்கிற அறைக்குக் கட்டிங் ரூம் என்று பெயர். அங்கிருந்து வந்த ரிப்போர்ட்டுகளில் ஐந்து முடிச்சு பார்த்தோம், ஆறு பார்த்தோம் என்று இருந்தது. ஐந்தைப் பார்த்துவிட்டுச் சுத்தம் என்றால் என்ன அர்த்தம் என்று அவள் குதித்தாள். பெரிய எழுத்தில் ஒரு தாள் அச்சடித்து அந்த அறைச் சுவரில் தானே ஒட்டினாள். "குறைந்தது பன்னிரண்டு முடிச்சுகள் பார்க்கப்பட வேண்டும். குறைந்தால் நோயாளி ஆய்வில் சேர்க்கப்பட மாட்டார்." கீழே அவள் கையெழுத்து. அதற்கப்புறம் ரிப்போர்ட்டுகள் பிசகாமல் வந்தன. அவளுக்குப் பரம திருப்தி.

ஐந்து வருட முடிவில், மாத்திரை சாப்பிட்டவர்கள் பக்கம் சாவு குறைவாக இருந்தது. மலையளவு இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். கட்டுரை வந்தது, கைதட்டல் வந்தது. துறைத் தலைவர் அவளுடைய படத்தைச் சட்டம் போட்டுத் தன் அறைச் சுவரில் மாட்டினார். எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் பொதுவாக விதி எழுதுகிற குழு ஒன்று உண்டு. இனி சுத்தமானவர்கள் எல்லோருக்கும் ஆறு மாதம் மாத்திரை கொடுக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்க்க அந்தக் குழு நாள் குறித்தது. மூன்றரை மாதம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சலவைக்கடைக்காரர் வந்தார்.

அவர் ஆய்வில் இருந்தவர். மாத்திரை இல்லாத பக்கம். தேய்த்து மடித்த சட்டை, வெளுத்துப்போன முகம். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்கேனில் ஈரல் முழுக்க நோய்.

"சுத்தம்னு எழுதிக் குடுத்தீங்களே டாக்டர்? என் சம்சாரம் அந்தத் தாளை பீரோவுல வச்சிருக்கா. கொண்டு வரட்டுமா?"

"வேணாம். என்கிட்ட இருக்கு. நான் பாக்குறேன்."

ஒருவர் இருவருக்கு அப்படித் திரும்புவது உண்டு. அவளும் அப்படித்தான் நினைத்தாள். இருந்தாலும் பதிவேட்டு அறைக்குப் போய் அவர் ஃபைலை எடுத்தாள். "பன்னிரண்டு முடிச்சுகள் பார்க்கப்பட்டன. ஒன்றிலும் நோய் இல்லை." பக்கத்து ஃபைல் கூடவே கையோடு வந்துவிட்டது. அதிலும் பன்னிரண்டு. அதற்கடுத்ததில் பன்னிரண்டு. அதற்கடுத்ததில் பதின்மூன்று. பிறகு மறுபடி பன்னிரண்டு.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா என்றைக்கோ சொன்ன ஒரு கதை நினைவுக்கு வந்தது. ஒரு வீட்டில் நாய்க்குப் பயந்து அக்கா உள்ளே போகாமல், போன மாத எண்ணோடு பத்தைக் கூட்டி எழுதிக்கொண்டிருந்தாள். மாதா மாதம் பத்து, பத்து, பத்து. ஒரு நாள் மேலதிகாரி அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல என்னம்மா, நாய் இருக்கா?" என்று கேட்டாராம். போய்ப் பார்த்தால் உள்ளே குழாய் உடைந்து, சுவருக்கு அடியில் மண்ணெல்லாம் அரித்துப் போயிருந்தது.

மனிதர்களின் வயிறு மனிதர்களின் முகம் மாதிரி. ஒருவருக்குப் பதினெட்டு இருக்கும், ஒருவருக்கு நாற்பது இருக்கும். எல்லோருக்கும் பன்னிரண்டு இருக்காது. மதியத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு ஃபைலையும் புரட்டினாள். இருநூற்று எழுபத்தொரு பேருக்குச் சரியாகப் பன்னிரண்டு. இருபதைத் தாண்டியது முப்பத்தொன்றுதான். அந்த முப்பத்தொன்றும் முதல் வருடத்து ரிப்போர்ட்டுகள்.

நேராகக் கட்டிங் ரூமுக்கு இறங்கிப் போனாள்.

அங்கே அப்போது வேலை பார்த்த டெக்னீஷியனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். காலையில் வந்த துண்டுக்கு மாலைக்குள் ரிப்போர்ட் கொடுத்துவிடுவார். இரண்டு வருடம் சிறந்த ஊழியர் பரிசு வாங்கியவர். அவள் ஓரமாக நின்று பார்த்தாள். திசு கெடாமல் ஊறவைக்கிற ஃபார்மலின் நெடி மூக்கைப் பிய்த்தது. எக்ஸ்பிரஸ் கொழுப்பை விரலால் பிசைந்து பிசைந்து முடிச்சுகளைப் பிதுக்கி எடுத்து வரிசையாக வைத்தார். கை பழகிய வேகம். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பிறகு மிச்சக் கொழுப்பை டப்பாவுக்குள் தள்ளி மூடியைத் திருகிவிட்டுக் கை கழுவப் போனார். ஒரு கைப்பிடிக் கொழுப்பு தொடப்படாமலே போனது.

"மிச்சத்துல பாக்கலையா?"

"பன்னிரண்டு ஆயிடுச்சே டாக்டர்."

"அதுக்குள்ள இன்னும் இருந்தா?"

எக்ஸ்பிரஸ் ஈரக் கையோடு சுவரைக் காட்டினார். தாள் பழுப்பேறியிருந்தது. கையெழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது. "நீங்க கேட்டது பன்னிரண்டு. நான் குடுத்தது பன்னிரண்டு. ஒரு தடவ கூடக் குறைஞ்சதில்ல. இதுல என் தப்பு எங்க இருக்கு, சொல்லுங்க."

அவள் அந்தத் தாளை மறுபடி படித்தாள். 'குறைந்தது' என்ற சொல்லை அவள்தான் எழுதினாள். அந்த அறையில் அது 'போதும்' என்று ஆகிவிட்டது.

"அந்த முதல் வருஷம் இருபது, முப்பதுன்னு வந்துச்சே. அது யார் பார்த்தது?"

"வேற யாரு? நம்ம நாளைக்குதான். அஞ்சு, ஆறுன்னு எழுதினது அவருக்கு முன்னாடி இருந்தவங்க."

'நாளைக்கு' என்பதும் ஓர் ஆள்தான். எப்போது ரிப்போர்ட் கேட்டாலும் "நாளைக்கு" என்பார் என்று அந்தப் பெயர். ஒரு துண்டை வைத்துக்கொண்டு ஒன்றரை நாள் உட்கார்ந்திருப்பார். தாமதத்தால் ஆய்வு கெடுகிறது என்று யாரோ புகார் எழுதி, அவரை லேபிள் ஒட்டுகிற கவுன்ட்டருக்கு மாற்றினார்கள். அந்த யாரோ வேறு யாரும் இல்லை. அவளுக்கு அந்தக் கடிதத்தின் வாசகம்கூட நினைவிருந்தது.

மாடிப்படி ஏறும்போதே கணக்குப் போட்டுப் பார்த்தாள். விடுபட்ட முடிச்சுகளில் நோய் இருந்தால், சுத்தம் என்று எழுதிய பலர் சுத்தமே இல்லை. மாத்திரை காப்பாற்றியது ஒருவேளை அவர்களை மட்டும்தான். அப்படியென்றால் நிஜமாகவே சுத்தமானவர்களுக்கு அது வீண் விஷம். கை கால் தோல் உரிந்து, வாய் புண்ணாகி, ஆறு மாதம் சும்மா வாடியிருக்கிறார்கள். இன்னும் மூன்றரை மாதத்தில் அது எல்லா ஊருக்கும் விதியாகப் போகிறது.

டப்பாக்கள் இன்னும் கீழே கிடங்கில் இருந்தன. ஆய்வு முடியும்வரை மிச்சத் திசுவை வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆய்வு முடிந்தது என்று அவள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் எரிக்கிற வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். படிவம் ஏற்கெனவே துறைத் தலைவர் மேசையில் இருந்தது.

"வாம்மா, வா. உனக்காகத்தான் காத்திருக்கேன்" என்று தலைவர் பேனாவை நீட்டினார். "பதினஞ்சாம் தேதி வண்டி வருது. கையெழுத்த போட்டுட்டுப் போ."

"போட மாட்டேன் சார்."

"ஏன்?"

சொன்னாள். தலைவர் கேட்டுக்கொண்டே நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அவர் தலைக்கு மேலே சட்டத்துக்குள் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்ச பந்தயத்த யாராவது திரும்ப ஓடுவாங்களா?"

"ஓட வேணாம் சார். ஓடின தூரத்த அளந்து பாக்கணும்னு சொல்றேன்."

"அளந்து குறைஞ்சா? உன் பேரு போகும், துறை பேரு போகும். ஊரே சிரிக்கும்மா."

"குடல் டாக்டர்னு இருபத்தாறு வருஷமா சிரிச்சுட்டுத்தானே இருக்காங்க."

"அடம் பிடிக்காத. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எனக்கு நல்லது வேணாம் சார். டப்பா வேணும்."

பேனா நீட்டினபடியே இருந்தது. அவள் எழுந்து வந்துவிட்டாள். அன்று மாலையே அவளுடைய இரண்டு உதவியாளர்களையும் வேறு பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் கையெழுத்து இல்லாமல் டப்பாவில் கை வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. பதினைந்தாம் தேதி வண்டி வந்து, காலியாகத் திரும்பியது.

வீட்டில் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"நீ பார்க்காம விட்டுட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. யாருக்கும் தெரியாது."

"உன் பேரு?"

"இருக்கும்."

"பார்த்தா?"

"போயிடலாம்."

"சரியான பைத்தியம்டி நீ" என்றாள் அக்கா. "நாளைக்கு எத்தன மணிக்குப் போகணும்? சீக்கிரம் எழுப்பிவிடுறேன்."

லேபிள் கவுன்ட்டரில் போய் நின்றபோது நாளைக்கு தலை நிமிரவே இல்லை. "ரிப்போர்ட் நாளைக்குதான்" என்றார் பழக்கத்தில்.

"ரிப்போர்ட் வேணாங்க. நீங்கதான் வேணும். உங்களை இங்க தூக்கிப் போட்டது நான்தான். அந்தக் கடிதம் நான் எழுதினது."

"தெரியும்."

"தெரியுமா?"

"நகல் எனக்கும் வந்துச்சே." லேபிளை நகத்தால் நீவி ஒட்டினார். "எத்தன டப்பா?"

"நானூத்துச் சொச்சம். உடைஞ்சது, காய்ஞ்சது போக முந்நூத்து எண்பத்தொன்பது."

"ஒரு நாளைக்கு ரெண்டு பாப்பேன்."

"அஞ்சு பார்த்தாத்தான் குழு கூடுறதுக்குள்ள முடியும்."

"மூணு. அதுக்கு மேல கேட்டா லேபிளே ஒட்டிட்டு இருக்கேன்."

மீதி இரண்டுக்கு அவளே உட்கார்ந்தாள். காலையில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு மதியம் கிடங்குக்கு வருவாள். ஃபார்மலினில் ஊறிய கொழுப்பு மெழுகு மாதிரி இறுகியிருந்தது. கடுகளவு முடிச்சு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். முதல் வாரம் அவள் எடுத்ததில் பாதி முடிச்சே இல்லை. நாளைக்கு ஒவ்வொன்றையும் பார்த்து, "இது கொழுப்பு. இதுவும் கொழுப்பு. இது உங்க கையுறைத் துண்டு" என்று தள்ளிக்கொண்டே வந்தார். கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. அழுகிறாள் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு பரவியது. அவள் மறுக்கப் போகவில்லை.

மூன்றாவது வாரம் எக்ஸ்பிரஸ் கதவருகில் வந்து நின்றார். முகம் உர்ரென்று இருந்தது.

"நான் விட்டத நீங்க எடுக்குறீங்க. நான் அடுத்த ரூம்ல உட்கார்ந்துட்டு இருக்கணுமா?"

"உங்க தப்பு இல்லன்னு சொன்னீங்களே."

"தப்பு இல்லதான். அதுக்காக?" கையுறையை மாட்டினார். "ஒரு நாளைக்கு இருபது டப்பா முடிச்சுத் தர்றேன்."

"நாலு" என்றார் நாளைக்கு, நிமிராமல்.

"பத்து."

"நாலு. கொழுப்பு தீர்ற வரைக்கும் எண்ணாத. எண்ணினா எழுந்து போயிடு."

எடுத்த முடிச்சுகளை மெல்லிய தகடாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்க அவளோடு படித்த தோழி ஒருத்தி சம்மதித்தாள். ஆஸ்பத்திரியில் அவளை லென்ஸ் என்பார்கள். அவள் போட்டது ஒரே நிபந்தனை. "நம்பர் மட்டும் எழுதிக் குடு. யாருக்கு மாத்திரை, யாருக்கு இல்லன்னு என் காதுல போடாத. போட்டா என் கண்ணு உன் பக்கம் சாஞ்சிடும்."

"என் பக்கம் எதுன்னு எனக்கே தெரியலையே."

"அப்போ ரொம்ப நல்லது."

குழு கூடுவதற்கு நான்கு நாள் முன்னால் கடைசி டப்பாவின் முடிச்சுகளையும் லென்ஸ் பார்த்து முடித்தாள். முந்நூற்று எண்பத்தொன்பது பேரில் எழுபத்துநான்கு பேருக்கு, யாரும் தொடாத அந்த மிச்சக் கொழுப்பில் நோய் இருந்தது. அவள் பட்டியலைப் பிரித்தாள். அந்த எழுபத்துநான்கு பேரில் மாத்திரை சாப்பிட்டவர்கள் அதிகம் பேர் பிழைத்திருந்தார்கள். மற்ற முந்நூற்றுப் பதினைந்து பேரில் மாத்திரைப் பக்கமும் வெறும் பக்கமும் ஒன்றுபோல் இருந்தன. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த முடிவு அத்தனையும் அந்த எழுபத்துநான்கு பேருடையது.

முந்நூற்றுப் பதினைந்து பேரில் ஒரு பெண் பஸ் ஓட்டுநரும் இருந்தார். மாத்திரையில் உள்ளங்கை தோல் உரிந்து, ஸ்டீயரிங் பிடிக்க முடியாமல், ஓட்டுவதையே விட்டுவிட்டார். "உயிர் பெருசும்மா" என்று அன்று அவருக்குச் சமாதானம் சொன்னது இவள்தான்.

முதலில் போன் போட்டாள். எழுபத்துநான்கு வீட்டுக்கும் அவளே பேசினாள். இருபத்தொன்பது பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்தவர்களை உடனே ஸ்கேனுக்கு வரச் சொன்னாள். சலவைக்கடைக்காரருக்குத் தனியாக நேரில் போய்ச் சொன்னாள். அவர் டப்பாவில் நான்கு முடிச்சில் நோய் இருந்தது. இறந்த ஒரு பெண்மணியின் மகன் போனில், "இத இப்ப எதுக்கு எங்ககிட்ட சொல்றீங்க? எங்க அம்மா எழுந்து வரப் போறாங்களா?" என்று கத்தினான். "இல்லப்பா. நாங்க சரியாத் தேடல. அத உங்ககிட்ட சொல்லாம இருக்கக் கூடாது" என்றாள். அவன் கத்தி முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

குழு ஒரு நீளமான அறையில் கூடியது. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு ஃபைல். பதினோரு பேர். அவர்களில் அவளுடைய துறைத் தலைவரும் ஒருவர். அவள் ஒரு பெட்டியையும், உறை போட்ட மைக்ராஸ்கோப்பையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மாத்திரையை ஆதரிச்சுப் பேச வந்திருக்கீங்க, அப்படித்தானே?" என்றார் குழுவின் தலைவர், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே.

"எதிர்த்து."

அவர் நிமிர்ந்தார். "இந்தக் கட்டுரையை எழுதினது?"

"நான்தான். அது தப்பு. வாபஸ் வாங்கியாச்சு. காலையில கடிதம் போயிடுச்சு."

அறையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. அவள் சொல்ல வேண்டியதைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள். சுவரில் ஒட்டிய தாளையும் மறைக்கவில்லை, நாளைக்கை மாற்றிய கடிதத்தையும் மறைக்கவில்லை. முடித்ததும் அவளுடைய துறைத் தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"இவங்க நல்ல டாக்டர். அதுல சந்தேகமில்ல. ஒரு நோயாளி திரும்ப வந்ததுல மனசு உடைஞ்சுட்டாங்க. ஏழு வருஷம் ஊறின டப்பா, ரெண்டு டெக்னீஷியன். இத வச்சு உணர்ச்சிவசப்பட்டு ஒரு முடிவ மாத்த முடியுமா? கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு, பாருங்க."

"கண்ணு சிவந்தது ஃபார்மலின்ல சார்" என்றாள் அவள். "நீங்க ஒரு நாள் கீழ வந்திருந்தா உங்களுக்கும் சிவந்திருக்கும்."

யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். அவள் மைக்ராஸ்கோப்பின் உறையைக் கழற்றி, மேசை நடுவில் வைத்து, ஒயரைச் செருகினாள். பெட்டியைத் திறந்தாள். முடிச்சுச் சீவல் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகள் வரிசையாக இருந்தன.

"எழுபத்துநாலு பேரு இருக்காங்க. என்னை நம்ப வேணாம். யாரோடதை வேணும்னாலும் எடுத்து நீங்களே பாருங்க. நான் ஜன்னல்கிட்ட போய் நிக்குறேன்."

முதலில் யாரும் எழவில்லை. பிறகு ஓரத்தில் இருந்த ஒரு முதியவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே வந்தார். பார்த்தார். இன்னொன்று எடுத்தார். "இது என்ன, கண்ண மூடிட்டுப் பார்த்தாக்கூட தெரியுமே" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், பிறகு ஒருவர், பிறகு ஒருவர். ரேஷன் வரிசை மாதிரி நின்றார்கள். துறைத் தலைவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

ஏழுக்கு நான்கு என்று அந்த வரி அடித்து நீக்கப்பட்டது. அந்த நான்கில் ஒரு கை யாருடையது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் அவளுடைய அறையைக் கிடங்குக்குப் பக்கத்தில் மாற்றினார்கள். சுவரிலிருந்து படம் இறங்கியது. சட்டம் மட்டும் வேறு யாருடைய படத்துக்கோ உதவியது. புது அறையில் ஜன்னல் இல்லை. கட்டிங் ரூம் அடுத்த கதவு என்பதால் அவளுக்கு நல்ல வசதி. ஒரு நாளைக்கு நான்கு தடவை போய் எட்டிப் பார்த்தாள். எக்ஸ்பிரஸும் நாளைக்கும் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, எண்ணாமல் தேடிக்கொண்டிருந்தார்கள். ரிப்போர்ட் தாமதம் என்று வாரம் ஒரு புகார் மேலே போனது. "புகாரை எனக்கு அனுப்புங்க, நான் ஃபைல் பண்ணிக்கிறேன்" என்று அவள் பதில் எழுதினாள்.

அந்த ஜன்னல் இல்லாத அறைக்கு ஒரு காலையில் ஒரு விடுதி வார்டன் வந்தார். ஐம்பது வயது, கையில் சாவிக் கொத்து, வந்த வேகத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. ரிப்போர்ட்டை மேசையில் வைத்துத் தட்டினார். "முப்பத்துநான்கு முடிச்சுகள் பார்க்கப்பட்டன. ஒன்றிலும் நோய் இல்லை."

"சரி டாக்டர். மாத்திரையை எழுதுங்க."

"உங்களுக்கு மாத்திரை கிடையாது."

"கிடையாதா? போன வருஷம் என் தோழிக்கு இதே ஆபரேஷன், இதே ஆஸ்பத்திரி. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா. எனக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?"

"என் கட்டுரையை நம்பி அவங்களுக்குக் குடுத்தது என் தப்பு. உங்களுக்கும் அதே தப்பைப் பண்ணச் சொல்றீங்களா?"

வார்டன் ரிப்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தப்பு பண்ணினேன்னு ஒரு டாக்டர் சொல்லி இப்பதான் கேக்குறேன். அப்போ நீங்க இப்ப சொல்றது மட்டும் சரின்னு எப்படி நம்புறது?"

"நம்பாதீங்க. அடுத்த கதவுதான் கட்டிங் ரூம். ரெண்டு பேர் இருப்பாங்க. உங்க கொழுப்பக் கடைசி வரைக்கும் தேடினாங்களான்னு நீங்களே போய்க் கேட்டுட்டு வாங்க."

"எதுவுமே குடுக்காம அனுப்பினா வீட்டுல என்ன சொல்வாங்க? சாக விட்டுட்டாங்கன்னு சொல்வாங்க."

"வீட்டுல யார் அப்படிச் சொல்றாங்களோ அவங்கள இங்க கூட்டிட்டு வாங்க. நான் பேசிக்கிறேன்."

"நான் மேல தலைவர்கிட்டயே போறேன். அவர் எழுதித் தருவார்."

"போங்க. அவர் எழுதினா நான் கோடு போட்டு அடிப்பேன். அவர் திரும்ப எழுதினா திரும்ப அடிப்பேன். ஆறு மாசம் கை கால் தோல் உரிஞ்சு விடுதிச் சாவியக்கூடப் பிடிக்க முடியாம நீங்க சும்மா கிடக்கறதுக்கு நான் விட மாட்டேன்."

வார்டன் தன் கையிலிருந்த சாவிக் கொத்தைப் பார்த்தார். எழுந்தார். கதவு வரைக்கும் போனார். அடுத்த அறையில் நாளைக்கு யாரிடமோ, "நாளைக்குத்தான்" என்று சொல்வது கேட்டது. வார்டன் திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"சரி, எப்ப வரணும்?"

"மூணு மாசம். ரத்தப் பரிசோதனை, அதுக்கப்புறம் ஸ்கேன். வரலன்னா விடுதிக்கே வந்து, உங்க பிள்ளைங்க முன்னாடி சத்தமா விசாரிப்பேன்."

"என்னன்னு?"

"மலம் ஒழுங்காப் போகுதான்னு."

"ஐயையோ" என்று வார்டன் எழுந்து போனார். அவள் தேதியை எழுதி அடிக்கோடிட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.